தேடும் பெட்டியில் யாரோ எழுதுகிறார்கள்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை. போன ஐப்பசியில் எங்கள் வீட்டில் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். இதில் நான் கூட்டியது ஒன்றும் இல்லை. வேண்டுமானால் ஒன்றிரண்டைச் சொல்லாமல் விட்டிருப்பேன்.

என் பேர் செல்லப்பாண்டி. கொடைக்கானல் மேல்மலை ஊர்களில் வீடு வீடாக இன்டர்நெட் இழுத்துக் கொடுக்கிறவன். முன்னால் கேபிள் டிவி லைன்மேன். இப்போது கேபிளை யார் சீண்டுகிறார்கள்? பூண்டு போடுகிற வீட்டில்கூட வைஃபை, சுவர் நிறைய டிவி, எல்லாப் படமும் நெட்டில். மழை பெய்தால் வயர் அறுந்துவிடும். காட்டுமாடு முட்டினால் போஸ்ட் சாய்ந்துவிடும். விடியும் முன்னே போன் வரும். "தம்பி, படம் சுத்திக்கிட்டே கெடக்கு, வெரசா வாங்க." சோற்றில் கை வைத்தால் போன். கக்கூஸில் உட்கார்ந்தால் போன். வீட்டுக்கு வந்து விழும்போது ஒரு வார்த்தை பேச வாய் வராது. அப்படி ஒரு அலுப்பு. என் மனைவி சுதாராணிக்குக் கொடைக்கானல் ரிசார்ட் ஒன்றில் சமையல்கட்டு வேலை. அவள் கதையும் அதேதான்.

எங்களுக்கு ஒரே மகள், சுகன்யா. பத்து வயது. புரட்டாசிக் கடைசியில் பூண்டுக் காட்டு வரப்பில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். தொடை வரைக்கும் மாவுக்கட்டு. பள்ளிக்கூடம் போக முடியாது. நாங்கள் லீவு போட்டால் அடுப்பு எரியாது. மதியச் சோற்றைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு நாங்கள் கிளம்பிவிடுவோம். பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி அக்கா இடையில் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் பிள்ளை தனியாகத்தான் கிடந்தாள்.

அவளுக்குத் துணையாக இருந்தது ஒரு டிவி.

அது சூசைமுத்து அய்யாவின் டிவி. தாண்டிக்குடிப் பக்கம் காப்பி எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தவர். சின்ன வயதில் சிலோன் தேயிலைத் தோட்டத்தில் இருந்து குடும்பத்தோடு வந்தவர். அவர் வீட்டுக்கு நெட் இழுத்து, அந்த டிவியை மாட்டிக் கொடுத்ததே நான்தான். நல்ல மனுஷன். போனால் பால் ஊற்றாத பிளேன் டீ ஒன்று கொடுக்காமல் விடமாட்டார். ஆனி மாசம் இறந்துபோனார். அவர் மருமகள் மாரியாயி வீட்டைக் காலி செய்துகொண்டு ஆயக்குடிக்குப் போகும்போது, "அண்ணே, புள்ள படுத்துக் கெடக்குறாளாமே, அவளுக்கு வச்சிக்கங்க" என்று டிவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதில் என் கணக்கைத்தான் போட்டேன். எங்கள் பக்கம் அது வழக்கம். பெரியவர்களுக்கு ஈமெயில் ஏது, பாஸ்வேர்டு ஏது? நான் டிவி மாட்டிய வீடுகளில் பாதி என் கணக்கில்தான் ஓடுகிறது. அதனால் ஊரே என்ன பார்க்கிறது என்று என் போனுக்குத் தெரியும். ஒரு வீட்டில் மாட்டு வைத்தியம் தேடுவார்கள். இன்னொரு வீட்டில் ஜெபக்கூட்டம். எல்லாம் என் போனில் வந்து வரிசையாக நிற்கும்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. காலையில் இருந்தே பனிமூட்டம். மன்னவனூர்ப் பக்கம் ஒரு போஸ்ட்டில் ஏறி இறங்கி, இடுப்பு விட்டுப்போய் டீக்கடையில் உட்கார்ந்தேன். மணி 2.20. பழைய பாட்டு ஏதாவது கேட்கலாம் என்று போனில் வீடியோ ஆப்பைத் திறந்தேன். மேலே தேடும் பெட்டியைத் தொட்டேன்.

கடைசியாகத் தேடியது எல்லாம் கீழே வந்தது.

சாப்டியா
சாப்டேன்
என்ன கொழம்பு
ரசம்

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரோ இரண்டு பேர் தேடும் பெட்டியில் குசலம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். டீயை உறிஞ்சிக்கொண்டே இன்னும் கீழே தள்ளினேன்.

கால் நோகுதா
ஆமா
எந்தக் கால்
கட்டு போட்ட கால்

டம்ளரை உதட்டில் இருந்து எடுத்தேன்.

எங்கள் வீட்டில் கால் "வலிக்குது" என்றுதான் சொல்வோம். "நோகுது" என்று சொல்வது சிலோனில் இருந்து வந்த சனங்கள். ஆனால் அது அப்போது எனக்கு ஓடவில்லை. வேறு ஏதோ வீட்டில் இருந்து எவனோ என் பிள்ளையிடம் பேசுகிறான். அதுதான் ஓடியது. கணக்கை ஊருக்கே கொடுத்து வைத்திருந்தேனே.

மூடிவிட்டு மறுபடி திறந்தேன். புதிதாக இரண்டு வரி.

தனியாவா இருக்க
ஆமாப்பா

அப்பா...

அவள் என்னிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பெட்டியிலேயே நானும் எழுதினேன். "சுகன்யா அது நான் இல்ல. கட்டில விட்டு எறங்காத." அழுத்தினேன். என்னென்னவோ வீடியோ வந்து நின்றது. அடித்து மூடினேன். திறந்தேன்.

நான் எழுதியது இருந்தது. அதற்கு அடுத்ததாக...

நான்தான் அப்பா

பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று.

கதவத் தொற

இன்னொன்று.

வெளிய வா புள்ள

டம்ளரை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. வண்டியை எடுத்தேன். சின்னத்தாயி அக்காவுக்குப் போன் போட்டுக்கொண்டே ஓட்டினேன். சிக்னல் இல்லை. ஊருக்கே சிக்னல் கொடுக்கிறவன், என் பிள்ளையைக் கூப்பிட எனக்குச் சிக்னல் இல்லை. முன்னால் வரும் வண்டியே தெரியாத பனி. "சாமி, சாமி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன்.

3.05க்கு வீட்டு வாசல்.

கதவு திறந்து கிடந்தது.

கட்டில் காலி. கட்டைக் காணோம். அவள் ஊன்றி நடக்கும் கட்டையைச் சொல்கிறேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. தேடும் பெட்டியில் ஒரே ஒரு சொல் நின்றது.

இன்னும்

என்ன "இன்னும்"? ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. இன்னும் வா...

பின்பக்கம் ஓடினேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் பத்தடி நடந்தால் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிப் போட்ட படிக்கட்டுக் காடு ஆரம்பிக்கும். முதல் மேட்டில் இருந்து கீழே விழுந்தால் இரண்டு ஆள் உயரம். அடியில் முழுக்கக் கல்லு.

பனிக்குள் அவள் சிவப்பு ஸ்வெட்டர் தெரிந்தது. மேட்டு விளிம்பில் நின்றாள். கட்டையை எடுத்து முன்னால் வைக்கப் போனாள்.

"சுகன்யா! நில்லுடீ!"

திரும்பினாள். தடுமாறினாள். எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது. ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்துச் சேற்றில் விழுந்தோம். கட்டை மட்டும் கீழே போய்க் கல்லில் மோதுகிற சத்தம் கேட்டது.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எப்படிப்பா மேல வந்தீங்க? இப்பக் கீழதான நின்னீங்க?"

கீழே பார்த்தேன். பனி. வேறு ஒன்றும் இல்லை.

தூக்கிக்கொண்டு வந்து துடைத்துவிட்டேன். நாலைந்து நாளாகவே இது நடக்கிறதாம். கார்ட்டூன் தேடப் போனபோது பெட்டியில் "சாப்டியா" என்று இருந்ததாம். அப்பாதான் போனில் இருந்து எழுதுகிறார் என்று இவளும் பதில் எழுதியிருக்கிறாள்.

"நான்தான் அது நான் இல்லன்னு எழுதுனேனே, பாக்கலையா?"

"பாத்தேன்ப்பா. ஆனா அது அதட்டுற மாதிரி இருந்துச்சு. இன்னொண்ணுதான் பாசமாப் பேசுச்சு. அதான் நீங்கன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்குத் தெரியாமல் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டேன்.

பாஸ்வேர்டை மாற்றினேன். எல்லா வீட்டு டிவியையும் போனையும் என் கணக்கில் இருந்து வெளியே தள்ளினேன். என் கணக்கில் படம் பார்க்கிற வீடுகளில் ஒன்றான மணிமேகலை அக்கா உடனே கூப்பிட்டு, "ஏந்தம்பி, சீரியல் நின்னுபோச்சு" என்றார். "நிக்கட்டும்க்கா" என்று வைத்துவிட்டேன். கடைசியில் கணக்கில் மிஞ்சியது என் போனும் எங்கள் வீட்டு டிவியும் மட்டும்தான்.

6.40க்குச் சுதாராணி வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மகளைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஊருக்கெல்லாம் பாஸ்வேர்டக் குடுத்தீங்கள்ல? நல்லா வேணும்."

நியாயமான பேச்சுத்தானே.

ஆனால் நான் வயர்க்காரன். சரிசெய்தது சரியாகிவிட்டதா என்று பார்க்காமல் விட முடியாது. டிவியைப் போட்டேன். தேடும் பெட்டி வந்தது. காலியாக இருந்தது. அப்பாடா என்று பெருமூச்சு விட்டேன்.

சுகன்யா கட்டிலின் கால்மாட்டில் அம்மா மடியில் சாய்ந்திருந்தாள். தலைமாட்டுப் பக்கம் யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. ஜன்னலும் சாத்தியிருந்தது. ரிமோட் என் கையில்.

டிக்.

திரையில் எழுத்துப் பலகை வந்தது.

டிக்... டிக்...

கட்டம் நகர்ந்தது. வலது பக்கம். அப்புறம் கீழே.

நான் எதையும் அழுத்தவில்லை. ரிமோட்டைத் திருப்பி, பேட்டரியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

டிக்... டிக்... டிக்...

பு... ள்... ள...

"ஏங்க..." என்றாள் சுதாராணி.

இந்த மாதிரி ரிமோட்டைப் பற்றி எனக்குத் தெரியும். டார்ச் அடிப்பது மாதிரிதான். டிவியைப் பார்த்து நேராக நீட்ட வேண்டும். சுவர் தாண்டாது. நடுவில் ஆள் நின்றால் வேலை செய்யாது.

நான் எழுந்து டிவிக்கு முன்னால் போய் நின்றேன். ஜன்னலை மறைத்து நின்றேன்.

டிக்... டிக்...

கதவை மறைத்து நின்றேன்.

டிக்...

ஒரு எட்டு இடது பக்கம் வைத்தேன். கட்டிலின் தலைமாட்டை மறைத்து.

சத்தம் நின்றது.

விலகினேன்.

டிக்.

மறைத்தேன். நின்றது.

விலகினேன். டிக்.

தலைமாட்டைப் பார்த்தேன். தலையணை. போர்வை. யாரும் இல்லை. மகளும் மனைவியும் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதற்குள் பழைய எழுத்து அழிந்துவிட்டது. புதிதாக ஏதோ வந்துகொண்டிருந்தது. வேகமாக. கோபமாக.

டிக் டிக் டிக் டிக்.

மறைக்காத

பிளக்கைப் பிடித்து இழுத்தேன். சாக்கெட்டே கையோடு வந்து, வீட்டு ஃபியூஸும் போய்விட்டது.

இருட்டு.

தலைமாட்டுப் பக்கம் கட்டில் ஒரு தடவை கிரீச்சென்றது. யாரோ எழுந்த மாதிரி.

அவ்வளவுதான்.

அந்தக் கட்டிலில் நாங்கள் படுக்கவில்லை. சின்னத்தாயி அக்கா வீட்டில் போய்க் கிடந்தோம். ஏன் என்று அவர் கேட்கவில்லை. பாயை மட்டும் விரித்துக் கொடுத்தார்.

மறுநாள் வெள்ளனே டிவியைச் சாக்கில் சுற்றி வண்டியில் கட்டிக்கொண்டு ஆயக்குடிக்கு இறங்கினேன். மாரியாயி கொய்யாக் கூடைக்கு இலை பரப்பிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, ரிப்பேரா?"

"ஆமாம்மா. இனி ஓடாது. யாரும் பிளக்கச் சொருகிறாதீங்க." அதற்குமேல் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. பையில் இருந்து ரிமோட்டை எடுத்துக் கொடுத்தேன். "இதையும் வச்சிக்கம்மா. நான் கடையில வாங்குனது. நீங்க குடுக்கையில ரிமோட் இல்ல."

"அது எப்பிடிண்ணே இருக்கும்? அதத்தான் பெட்டியில வச்சிட்டமே."

"எந்தப் பெட்டியில?"

"மாமா பெட்டியிலதான்."

அவர்கள் குடும்பத்தில் அது ஒரு வழக்கமாம். போகிறவருக்குப் பிடித்ததைக் கூடவே வைத்து அனுப்புவார்களாம். மாரியாயியின் மாமியாருக்கு வெற்றிலை உரல் வைத்தார்களாம். சூசைமுத்து அய்யா படுத்த படுக்கையான பிறகு ரிமோட்டைக் கீழேயே வைக்கவில்லை. அதனால் அதைக் கையில் பிடிக்க வைத்து, பெட்டியை மூடி அடக்கம் செய்திருக்கிறார்கள்.

ஒரு நாளைக்கு நூறு பேரிடம் கேட்டுப் பழகிய வாய், தானாகக் கேட்டுவிட்டது.

"பேட்டரி?"

மாரியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"புதுசுண்ணே. வெறும் ரிமோட்டக் குடுத்து அனுப்ப மனசு வரல்ல. நான்தான் கடைக்கு ஓடிப்போய் வாங்கியாந்து மாத்தி வச்சேன்."

வண்டியை எடுத்தேன்.

அந்த ரிமோட்டுக்கு ஒரு சோடி பேட்டரி போட்டால், ஒரு வருஷம் தாங்கும்.