கல்யாணப்பெண் கேட்ட 'டிக்'

குழு நண்பர்களே, இந்த மெயிலை இன்றே அனுப்பாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

மாமா மகள் ஷீபா கல்யாணத்துக்காக அவளோடு நாங்கள் சர்ச்சுக்குப் போன டீசல் கார் குன்னத்துகால் தாண்டியதும் நின்றுவிட்டது. டிரைவர் கையைப் பிசைந்தார்.

ஒர்க்‌ஷாப்காரர் மகள் அல்லவா! ஷீபா பட்டுச்சேலையோடு இறங்கி, பானெட்டுக்குள் காதை வைத்தாள்.

"அண்ணா, சாவியத் திருப்புங்க. டீசல் பம்புல டிக்குன்னு கேக்கணும். கேக்கல்ல. கரண்டு வரல்லையாக்கும்."

விரலாலேயே பம்புக்குப் போகும் வயரைத் தடவிக்கொண்டு போனாள். பானெட்டில் அலங்கார மாலையைக் கட்டிய கம்பி அதை அறுத்திருந்தது. பல்லால் உரித்து முறுக்கினாள்.

டிக்!

வண்டி கிளம்பிவிட்டது.

"எவனாக்கும் இத இப்பிடிக் கெட்டுனது?" என்றாள்.

நான்தான். ரப்பர் மரங்களைப் பார்த்தபடி நின்றேன்.

இப்போதாவது ஷீபாவிடம் சொல்லிவிடவா?