வீட்டுக் கானும் மலைக் கானும்

அன்றைக்கு இருந்தவர்கள்: நான். எட்டு மாதக் கர்ப்பமாக இருந்த என் மனைவி. அவளைக் கூட்டிப்போக மடுல்சீமையிலிருந்து மூட்டையோடு வந்திருந்த மாமியார். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த கொழுந்து எடுக்கும் பெண். கடைசியில் வந்த டாக்டர் ஐயா.

ஐம்பத்தைந்தாம் வருடம், புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம்.

காம்பராவுக்குப் பின்னால் அடுப்படித் தண்ணீர் விழ ஒரு சுட்டமண் தொட்டி புதைத்திருந்தார்கள். காம்பராக்கள் வரிசையாக உள்ள எங்கள் லயத்தைக் கட்டிய நாளில் வைத்தது. அடி வெடித்துவிட்டது. தண்ணீர் வெளியே ஓடும் வாய்க்காலான கானுக்குப் போகாமல் சுவருக்கு அடியில் இறங்கி, நாங்கள் படுக்கிற இடத்தில் ஊறியது. தோட்டத்து டாக்டர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். அதற்கு முந்தின வாரம் வந்து பார்த்தார்.

"இந்த ஈரத்துக்குள்ள பிள்ளைப்பேறு பாக்க ஏலாது. ஒரு வாளி தண்ணி ஊத்தினா, பத்து எண்ணிறதுக்குள்ள போகவேணும். போகாட்டி இவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பு" என்றார்.

எங்கள் முதல் பிள்ளை தாய் வீட்டுக்குப் போகும் வழியில்தான் பிறந்தது. மடுல்சீமை ரோட்டில், லொறியில், குறை மாதத்தில். தங்கவில்லை.

"அந்த ரோட்டுல நான் போக மாட்டேன்" என்றாள் மனைவி.

தோட்டத்து ஸ்டோரில் கேட்டேன். ஒரு சிமெந்துத் தொட்டி கொடுத்தார்கள். ஞாயிறு காலையில் அலவாங்குக் கம்பியால் பழையதை நெம்பினேன். பழைய தொட்டி மூன்று துண்டாகக் கையோடு வந்தது. புதியதை இறக்கிச் சுற்றிலும் மண் இறுக்கினேன். அங்கிருந்து லயத்துப் பெரிய கான் வரைக்கும் புதிதாகக் கான் வெட்டினேன். என் வேலையே அதுதான். பதினாறு வருடம் தேயிலை மலையில் கான் வெட்டியவன். நான் யோசிக்காவிட்டாலும் கை வெட்டும்.

மாமியார் ஒரு வாளி ஊற்றினார். மனைவி எண்ணினாள். பத்து வந்தது. இருபது வந்தது. தண்ணீர் கானில் அப்படியே நின்றது.

பக்கத்துக் காம்பராப் பெண் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அண்ணே, இதுல தேயிலைக் கன்னு நடப் போறீங்களா?"

அப்போதுதான் பார்த்தேன். மலையில் விடுவது போலவே இரண்டு முழத்துக்கு ஒரு குறுக்கணை விட்டிருக்கிறேன். மலையில் தண்ணீரை நிறுத்தி மண்ணைப் பிடிக்க வேண்டும், அதற்காக விடுவது. இங்கே எதற்கு?

"பதினாறு வருசம் கான் வெட்டுன ஆளு!" என்றார் மாமியார். "மூணு மணிக்கு லொறி இருக்கு மாப்ள. நான் புள்ளையக் கூட்டிட்டுப் போறேன்."

"சும்மா இரும்மா" என்றாள் மனைவி. என்னைப் பார்த்து, "நீங்க அணைய வெட்டுங்க. நான் எண்ணுறேன்" என்றாள்.

நான்கு அணையையும் வெட்டினேன். அடியைக் கொஞ்சம் சரித்துவிட்டேன். அதற்குள் டாக்டர் ஐயா குடையோடு வந்து நின்றார். இந்த முறை நான் ஊற்றினேன். மனைவி சத்தமாக எண்ணினாள். எட்டில் தண்ணீர் போய், கான் வெறும் கானாகக் கிடந்தது.

"சரி. இவள் இஞ்சையே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

மாமியார் மூட்டையை அவிழ்த்தார். மாற்றுச் சேலையை எங்கள் கொடியில் போட்டார்.

ஐப்பசி அடைமழையில் பெண் பிறந்தாள். தரை காய்ந்தே இருந்தது. அவளைக் குளிப்பாட்டிய தண்ணீரை மாமியார் அந்தத் தொட்டியில்தான் ஊற்றினார். பக்கத்தில் நின்று எண்ணினேன்.

ஏழு.