எனக்கு வலிக்கலையே!

எழுபதுகளில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். நான் கிரிக்கெட் ஆடியவன் என்று தெரிந்ததும், அங்கிருந்த அமெரிக்க ராணுவக் குடியிருப்பில் ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு பேஸ்பால் சொல்லித்தர அழைத்தார்கள். ஜெயிப்பதற்கல்ல, கற்றுக்கொள்வதற்கான ஆட்டம். எல்லாப் பிள்ளைகளும் மட்டை பிடிக்கவேண்டும் என்பது விதி. ஆனாலும் பெற்றோர் ஓட்டங்களை எண்ணினார்கள். நானும் எண்ணினேன்.

கடைசி ஆட்டத்தில் ஒரே ஓட்டம் பின்தங்கியிருந்தோம். இன்னொருவர் அவுட்டானால் முடிந்தது. அடுத்து எங்கள் அணிச் சிறுமி டோராவின் முறை. அந்தக் கோடை முழுவதும் அவள் ஒரு பந்தைக்கூடத் தொட்டதில்லை. அவளிடம் குனிந்து, "வயிறு வலிக்குதுன்னு சொல்லிட்டு உட்கார்ந்துக்கோ" என்றேன்.

"எனக்கு வலிக்கலையே! இது என்னோட முறை!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்திவிட்டு, மட்டையை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

மூன்று முறை சுழற்றினாள். மூன்றும் காற்றில் போயின. பேஸ்பாலில் மூன்று முறை தவறினால் அவுட். தோற்றோம்.

எங்கள் அணிப் பையன் ஒருவனின் அப்பா பாய்ந்து வந்தார். "அவளை எதுக்கு அனுப்புனீங்க?"

"நான் அனுப்பல. பொய் சொல்லித் தப்பிக்கச் சொன்னேன், அவ மாட்டேன்னுட்டா. அடுத்த கோடையில முதல் மட்டை அவளுக்குத்தான்."

"அப்போ சொல்லித்தர வேற ஆள் பாத்துக்கறோம்."

"பாருங்க. அவர்கிட்டயும் இதையேதான் சொல்வேன்."

வேறு ஆளைத்தான் பார்த்தார்கள். கிளம்பும்முன் டோராவிடம், "நான் சொன்னது தப்பு" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

ஆட்டத்தில் தோற்றதற்காக நான் வருந்தியதே இல்லை. அவளை ஒளிந்துகொள்ளச் சொன்னதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.