பதினெட்டுக் கன்றுக்கு ஒரு கன்று

பெரியக்கா கடைக்குள் நுழைந்தாலே கடைக்காரர்கள் மனசுக்குள் விலையை ஒரு படி ஏற்றி வைத்துக்கொள்வார்கள். எப்படியும் இறக்காமல் போகமாட்டாள் என்று தெரியும். கம்பிச் சுருளோ, தீவன மூட்டையோ, டிராக்டர் டயரோ, சொன்ன விலைக்கு அவள் வாங்கியதாகச் சரித்திரமே இல்லை. "குறைச்சுக்குடு அக்கா" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு பட்டப்பெயர் ஓடிக்கொண்டிருந்தது. அது அவள் காதுக்கும் வந்தது. கோபப்படவில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

அது அவளுக்கு உத்தியோகத்தில் ஒட்டிக்கொண்ட குணம். இரும்புச் சாமான் கம்பெனி ஒன்றின் கொள்முதல் பிரிவில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்தாள். எதிரே வந்து உட்காருகிறவனின் விலையை உடைப்பதுதான் அங்கே வேலை. நடுவில் ஒரு கல்யாணம் நடந்து, நாலு வருஷத்தில் சத்தமில்லாமல் முடிந்தும் போனது. அப்பா இறந்ததும் இரண்டு பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பினாள். அப்போது அவளுக்கு வயது நாற்பத்து நான்கு.

வீட்டில் தம்பியும் தம்பி மனைவியும் இருந்தார்கள். வெளியே நாற்பத்தைந்து பசுக்கள், மூன்று பக்கமும் மேய்ச்சல் நிலம், ஒரு பொலிகாளை. கன்றுகளை வளர்த்து, பால் மறந்ததும் விற்பது; அதுதான் குடும்பத்தின் பிழைப்பு. தம்பிக்கு மாடு தெரியும், கணக்கு தெரியாது. பெரியக்காவுக்குக் கணக்கு தெரியும், மாடு அப்போதுதான் தெரிய ஆரம்பித்தது. ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துக்கொண்டார்கள். எட்டு வருஷம் குறையொன்றும் இல்லாமல் ஓடியது.

அப்புறம்தான் பழைய காளைக்குப் பின்னங்கால் போனது. புதுசு வாங்கியாக வேண்டும்.

தம்பி ஓர் இடம் பார்த்து வைத்திருந்தான். அரை நாள் வண்டி ஓட்டிப் போகும் தூரத்தில், காளை வளர்ப்பதையே தொழிலாக வைத்திருந்த ஒருவர். அவரை எல்லோரும் "ஒரே விலை" என்றுதான் சொல்வார்கள். ஒருமுறை சொன்னால் சொன்னதுதான், ஒரு காசு இறங்கமாட்டார். தம்பிக்குப் பிடித்த காளைக்கு அவர் சொன்ன விலை ஆறு கன்று. பணமாகத்தான் கொடுப்பார்கள், ஆனால் அந்த வட்டாரத்தில் மாட்டுக்காரர்கள் காளை விலையைக் கன்றுக் கணக்கில்தான் பேசுவார்கள். பால் மறந்த ஆறு கன்றை விற்றால் என்ன வருமோ, அது.

"ஆறா? அவ்ளோ குடுத்து வாங்க அது என்ன, பேசுமா பாடுமா?" என்றாள் பெரியக்கா.

"நல்ல வம்சம்க்கா. டாக்டர் டெஸ்ட் பண்ண பேப்பரெல்லாம் இருக்கு."

"பேப்பரா போய் பசுவோட சேரப்போகுது?"

இந்தப் பதிலுக்கு அவளே சிரித்துக்கொண்டாள். அடுத்த வாரம் ஒரு வியாபாரியிடம் இரண்டரைக் கன்று விலைக்கு ஒரு காளையை முடித்தாள். மூன்றில் ஆரம்பித்தவனை இரண்டரைக்குக் கொண்டுவந்த சாமர்த்தியத்தை இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். காளையும் பார்க்க ராஜா மாதிரிதான் இருந்தது. பளபளவென்று கறுப்பு, தூண் மாதிரி கழுத்து. தம்பி ஒருமுறை, "டாக்டரக் கூப்பிட்டு ஒரு டெஸ்ட் மட்டும் பாத்துருவோமே" என்றான். "இவனப் பாத்தா சீக்காளி மாதிரியா இருக்கு?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

காளை மந்தையில் இறங்கியது. வேலையில் குறை சொல்ல முடியாது; ஓயாமல் பசுக்கள் பின்னால்தான் சுற்றியது. ஆறாவது வாரம் வேலி ஓரமாகப் போனபோது, காது கிழிந்த ஒரு சிவப்புப் பசுவின் மேல் அது ஏறுவதைப் பெரியக்கா பார்த்தாள். மூன்று வாரத்துக்கு முன்பும் அதே பசுதான், அதே இடத்தில். சினை பிடித்த பசு மறுபடி பருவத்துக்கு வராது என்பது எட்டு வருஷத்தில் அவளும் கற்றுக்கொண்ட பாடம். ஒரு நொடி நின்றாள். ஒரு பசு தப்பியிருக்கும், சகஜம்தானே என்று நினைத்துக்கொண்டு நடந்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

சினைப் பரிசோதனைக்கு மாட்டு டாக்டர் வந்த நாளில் மழை தூறிக்கொண்டிருந்தது. இரும்புக் கம்பி வழியில் பசுக்களை ஒவ்வொன்றாகத் தம்பி விரட்டிவிட்டான். டாக்டர் தோள்வரை பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, பின்பக்கம் கையை விட்டுப் பார்த்துச் சொல்வார். பெரியக்கா காது வில்லை எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதுவாள். டாக்டர் ஜோக்கடிக்காமல் வேலை செய்யத் தெரியாத மனுஷர். முதல் பசு, "இல்ல." இரண்டாவது, "இல்ல." மூன்றாவது, "இல்ல. என்னக்கா, எல்லாரும் விரதமா?" என்றார். ஏழாவது பசுவுக்குத்தான் "சினை" என்று வந்தது. பத்தாவதுக்குப் பிறகு அவர் ஜோக்கை நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் கம்பிக் கதவு மூடும் சத்தம், "இல்ல", கதவு திறக்கும் சத்தம், "இல்ல".

நாற்பத்தைந்தில் ஒன்பது.

உறையைக் கழற்றிவிட்டு டாக்டர் காளையைக் கூண்டில் ஏற்றச் சொல்லி விந்து எடுத்துப் பார்த்தார். வண்டியின் பின்கதவில் வைத்திருந்த மைக்ராஸ்கோப்பில் ரொம்ப நேரம் குனிந்திருந்தார்.

"இதுல உயிரே இல்லக்கா. அங்கொண்ணு இங்கொண்ணு நீந்துது. அந்த ஒம்போது சினையே அதிசயம்."

பெரியக்கா, "சரி" என்றாள். பிறகு, "டீ குடிச்சுட்டுப் போங்க டாக்டர்" என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அழுகை வரும் என்று தம்பி மனைவி எதிர்பார்த்தாள், வரவில்லை. சாப்பிட்டாள், குளித்தாள், தீவனம் அளந்தாள். மற்ற வருஷங்களில் நாற்பது கன்றாவது விழும். இந்த முறை ஒன்பது. மூன்றரைக் கன்று மிச்சம் பிடிக்கப் போய் முப்பத்தொரு கன்று போயிற்று. இந்தக் கணக்கை ஒரே ஒருமுறை போட்டுப் பார்த்தாள். யாருடைய வீட்டுக் கணக்கையோ பார்ப்பது மாதிரி இருந்தது. தம்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பி மனைவியும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேஜையில் வானிலையைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

சினை பிடிக்காத முப்பத்தாறு பசுவுக்கு ஒரு வருஷம் தீனி போட முடியாது. வயதான இருபதைக் கழிக்க முடிவானது. எந்த இருபது என்று அவள்தான் பட்டியல் போட்டாள். லாரி வந்த காலையில் ஏற்று பலகையின் பக்கத்தில் நின்று எண்களை வாசித்தாள். நூற்றுப் பன்னிரண்டு, பால் கறக்கப் போனால் காலை மிதிக்கிறது. எண்பத்தேழு, கதவைத் தானே திறக்கப் பழகியது. காது கிழிந்த சிவப்பு, நூற்று நாலு. எண்ணை மட்டும்தான் வாசித்தாள். லாரிக்காரர், "அம்மா, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்று இரண்டு முறை கேட்டார்.

காளையையும் எடைக்குப் போட்டார்கள். வாங்கிய பணத்தில் கொஞ்சம்தான் குறைந்தது. அது ஒன்றாவது நல்ல செய்தி என்று தம்பி டாக்டரிடம் சொன்னான்.

"அதுல நல்லது என்ன இருக்கு?" என்றார் டாக்டர். "நீங்க கறி விலைக்கு வாங்கினீங்க, கறி விலைக்கு வித்துட்டீங்க. காளைன்னு அதுக்குத் தனியா நீங்க ஒண்ணுமே குடுக்கல. கறி விலைக்கு மேல குடுக்கிறது இருக்கு பாருங்க, அதுதான் காளைக்குக் குடுக்கிற காசு."

பெரியக்கா பக்கத்தில்தான் நின்றாள். கேட்டாள். நோட்டை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த பருவம் நெருங்கியபோது இரண்டு பேரும் அந்த "ஒரே விலை"க்காரரிடம் போனார்கள். ஒல்லியான, வயதான மனுஷர். சட்டைப் பையில் ஓர் அளவு நாடா. மூன்று காளைகளைக் காட்டினார். ஒன்று நாலு கன்று விலை, சின்ன வயசு, இருபது பசுவுக்கு மேல் தாங்காது. நடுவில் நின்றது ஏழு. கடைசியாகத் தனிக் கொட்டகையில் நின்றது பன்னிரண்டு. போட்டிகளில் பரிசு வாங்கியது.

"போன வருஷம் ஆறுன்னீங்களே" என்றான் தம்பி.

"போன வருஷம் ஆறுதான்" என்றார் அவர். அதற்கு மேல் விளக்கம் இல்லை.

தம்பி நடுக்காளையைச் சுற்றிச் சுற்றி வந்தான். குளம்பு பார்த்தான், நடக்கவிட்டுப் பின்னங்கால் வைப்பைப் பார்த்தான், பரிசோதனைத் தாளை எழுத்துக் கூட்டிப் படித்தான். பெரியக்கா எதையும் பார்க்கவில்லை. தனிக் கொட்டகையைக் கையால் காட்டினாள்.

"அதக் குடுத்துருங்கய்யா."

தம்பி சட்டென்று திரும்பினான். அவள் வாயிலிருந்து பேரம் பேசாமல் ஒரு வார்த்தை வந்து அவன் கேட்டதே இல்லை.

"எதுக்கும்மா உங்களுக்கு அது?" என்றார் பெரியவர்.

"தப்பு வராதுல்ல."

அவர் அவளை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். நடந்தது எல்லாம் அவர் காதுக்கும் எட்டியிருக்கும். இந்த மாதிரிச் செய்திக்கு ஊர் எல்லை கிடையாது. "பன்னண்டு குடுத்தாலும் பள்ளத்துல கால விட்டா ஒடியத்தான் செய்யும்மா. அது என்னை மாதிரி காளை வளத்து விக்கிறவனுக்கு. அதோட கன்னையும் காளையாவே விப்பான், போட்ட காசு வந்துடும். நீங்க கன்ன எடைக்குத்தான விக்கிறீங்க? இது வேலைக்கு ஆகாது. நான் தரமாட்டேன்."

"காசு குடுக்கிறேன்னு சொல்றேன்ல."

"குடுப்பீங்க. அபராதம் கட்டுற மாதிரி குடுப்பீங்க. எனக்கு வேணாம் அந்தக் காசு." அதைச் சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு அவர் வேலிக் கட்டையில் உட்கார்ந்தார். "பசு எத்தன?"

"இருபத்தஞ்சு."

"நாலு வருஷம் வச்சுக்கங்க. அதுக்கு மேல இவன் பொண்ணுங்களே மந்தையில பருவத்துக்கு வந்துடும், மாத்தணும். நாலு வருஷத்துல தொண்ணூறு கன்னு நிக்கும்னு வைங்க. கடைசியில எடைக்குப் போட்டா ரெண்டு கன்னு விலை திரும்ப வரும். ஏழுல ரெண்டு போனா அஞ்சு. தொண்ணூறுக்கு அஞ்சு. எவ்ளோ ஆச்சு?"

"பதினெட்டுக்கு ஒண்ணு" என்றாள். அந்தக் கணக்கு மட்டும் அவளுக்குள் தானாகவே ஓடியது.

"பதினெட்டுக் கன்னுக்கு ஒரு கன்னு. அது நியாயமான விலை. இன்னும் ஒண்ணு கூடப் போனாலும் கட்டும். அதுக்கு மேல போனா என் பவுசுக்கு நீங்க காசு குடுக்கிறீங்க. மூணுக்குக் கீழ எவனாவது தந்தா, ஏன் தர்றான்னு கேளுங்க."

ஏழு கொடுத்தாள். குறைத்துக் கேட்கவில்லை. கையெழுத்துப் போடும்போது பெரியவர், "கேட்டுப் பாத்துருக்கலாமே, ஆசைக்கு" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காளை வழியில் தின்ன ஒரு கட்டுக் காய்ந்த புல்லை அவர் சும்மா ஏற்றிவிட்டார்.

திரும்பும் வழியில் பின்னால் காளை நிலைகொள்ளாமல் வண்டியை ஆட்டியது. பாதி தூரம் வந்த பிறகு அவள் கேட்டாள்.

"நீ ஏன்டா ஒரு வார்த்தைகூட என்னைத் திட்டல?"

"திட்டத்தான் இருந்தேன். ரெண்டு நாளா வார்த்தையெல்லாம் சேத்து வச்சிருந்தேன். லாரி வந்தன்னைக்கு நீ நம்பர் படிச்ச பாரு, உன் குரலே வெளிய வரல. அப்புறம் எங்கருந்து திட்டுறது?"

"ஆறாவது வாரமே எனக்குத் தெரியும்டா. நூத்தி நாலு திரும்பப் பருவத்துக்கு வந்துச்சு. பாத்தேன். சொல்லல."

அவன் கியரை மாற்றினான். சாலையைப் பார்த்தபடியே இருந்தான்.

"இப்பவாவது திட்டு" என்றாள்.

"வண்டி ஓட்டுறேன்ல. பேசாம வா."

அன்று சாப்பாட்டு மேஜையில் யாரும் வானிலையைப் பற்றிப் பேசவில்லை. தம்பி தன் மனைவியிடம், "அக்கா இன்னைக்கு பன்னண்டு கன்னுக்குக் காளை கேட்டாங்க தெரியுமா?" என்றான். அவள் நம்பவே இல்லை. "அண்ணியா? காய்ச்சலா அண்ணி உங்களுக்கு?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

காளையை மந்தையில் விட்ட பிறகு பெரியக்கா தினமும் காலையும் மாலையும் வேலி ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். எந்தப் பசு, எந்தத் தேதி, எல்லாம் நோட்டில். மூன்று வாரம் கழித்து அதே பசுக்கள் திரும்ப வருகின்றனவா என்று பார்த்தாள். நாலு வந்தன. ஆறாவது வாரம் இரண்டு. அந்த இரண்டையும் அன்றைக்கே தம்பியிடம் போய்ச் சொன்னாள். "ரெண்டுதானக்கா, விடு" என்றான். "சொல்லிட்டேன்" என்றாள்.

டாக்டர் வந்தார். இந்த முறை வெயில். "சினை. சினை. சினை. இல்ல, இது கிழவி, இதுக்கு என்ன அவசரம். சினை." எண்ணை எழுதிக்கொண்டே போனாள். இருபத்தைந்தில் இருபத்து மூன்று. தம்பி கம்பி வேலியில் ஏறி நின்று தொப்பியைத் தூக்கி எறிந்தான். அது சாணியில் விழுந்தது. எடுத்து அப்படியே மாட்டிக்கொண்டான். தம்பி மனைவி ஓடிவந்து பெரியக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"கொஞ்சம் சிரிங்கக்கா, காசா பணமா?" என்றார் டாக்டர்.

அவள் முயன்று பார்த்தாள். சந்தோஷம் வரவேண்டிய இடம் எது என்று தெரிந்தது, அங்கே ஒன்றும் வரவில்லை. கூட்டலை இரண்டு முறை சரிபார்த்தாள். டாக்டருக்கு டீ போடச் சொன்னாள். வீட்டுக்குள் போய், பூட்ஸைக் கழற்ற நாற்காலியில் உட்கார்ந்தவள், ஒரு காலைக் கழற்றியதும் அப்படியே தூங்கிப்போனாள். பட்டப்பகல். தம்பி மனைவி வந்து இன்னொரு பூட்ஸைக் கழற்றி, மடியிலிருந்து நழுவிய நோட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். வாசலில் டாக்டரும் தம்பியும் சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியக்காவுக்கு அது கேட்கவில்லை. சாயங்காலத் தீவனத்துக்கு அண்ணியை எழுப்பட்டுமா என்று மனைவி கேட்டதற்கு, வேண்டாம், நானே போட்டுக்கொள்கிறேன் என்று தம்பி வாளியை எடுத்துக்கொண்டு போனான்.