ஜரீனா அக்கா கையெழுத்துப் போட்ட கடிதம்

ஜரீனா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் சென்னையில் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்து மற்றவர்களுடைய நேர்மைக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன். சமூக மருத்துவத்திலும் உலக சுகாதார சமத்துவத்திலும் ஓராண்டு வெளிநாட்டில் படிக்க உதவும் ஃபெலோஷிப்புக்கு இந்த ஆண்டு விண்ணப்பித்த மாணவர்களைத் தேர்வு செய்யும் குழுவில் நானும் இருக்கிறேன். முன்பு அதே ஃபெலோஷிப்பில் போய் வந்தவள் என்பதால் கிடைத்த இடம். ஒரு மாணவியின் பரிந்துரைக் கடிதத்தைக் காட்டி, "இதைக் களப்பணியாளர்தான் எழுதினாரா, இல்லை இந்தப் பெண்ணே எழுதிக்கொண்டாளா?" என்று நான் கேட்ட நேரத்தில் கைப்பேசி அதிர்ந்தது. அக்காவின் மகன் அன்வர். "டாக்டர், அம்மா மவுத்தாயிட்டாங்க. காலைல நெஞ்ச அடைக்குதுன்னாங்க. வெறும் கேஸ் டிரபிள்னு நெனச்சிட்டோம்" என்றார். வருகிறேன் என்று சொல்லி வைத்தேன். ஆனால் கூட்டம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு மதிப்பெண்ணையும் குறைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

செஞ்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. வீட்டில் பெண்கள் மட்டும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் தங்கை என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீதானா அந்த ஃபாரின் டாக்டரு? உன்னப் பத்தி நல்லாத்தான் சொல்லும் எங்க அக்கா" என்றார். அழுகை வராமல் இருந்தது. அதைக் கேட்டதும் வந்தது. எல்லோரும் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

பத்து நாள் கழித்து எங்கள் சுகாதார மையத்தில் நினைவுக் கூட்டம் நடந்தது. அதில் டாக்டர் கார்த்திகா பேசியதை நீங்கள் கேட்டீர்கள். எனக்கு அடுத்த வருடங்களில் இங்கே களப்பயிற்சிக்கு வந்து, அதே ஃபெலோஷிப்புக்கு முயன்றவர். இங்கிருந்து விண்ணப்பிக்கும் மாணவர்கள் எல்லோரும் அக்காவிடம்தான் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும். அந்தக் கடிதத்தை அக்கா எவ்வளவு கெடுபிடியாகத் தருவார் என்று அவர் நடித்தே காட்டினார். அக்கா தமிழில் சொல்லச் சொல்ல மாணவர் எழுத வேண்டும். பிறகு ஆங்கிலத்தில் மாற்ற வேண்டும். அதை மாணவர் படித்துக் காட்டக் கூடாது. பக்கத்து மருந்துக் கடை லதாவை அழைத்து, வரிவரியாகத் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்வார். "ஒரு வரி கொறஞ்சாலும் ஒரு வரி கூடினாலும் கையெழுத்து கெடையாது" என்பார். கார்த்திகா அக்காவின் குரலிலேயே அதைச் சொன்னபோது கூடம் சிரித்தது. அக்காவின் பிறவிக் குணம் என்றுதான் எல்லோரும் நினைத்தீர்கள். அந்தக் கெடுபிடிக்குக் காரணம் நான். மேடையில் ஏறி, ஈடு செய்ய முடியாத இழப்பு என்று மூன்று நிமிடம் பேசிவிட்டு இறங்கினேன். மையத்தின் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டீர்கள். இதுதான் அது.

அக்காவைத் தெரியாத புது மாணவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். காசநோய்க்காரர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. புர்காவின் மேல் அடையாள அட்டை, கிழிந்த சீட்டுக்கு அரிசிப் பை சுற்றிய ஸ்கூட்டி. எந்தக் கிராமத்துக்கு எந்த பஸ் எத்தனை மணிக்கு என்பது கண்டக்டரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டியவர்களிடம் மாத்திரையைப் பற்றி அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. "ஏன் நிறுத்தனன்னு கேட்டா பொய்தான் வரும். நேத்து இன்னா சாப்டன்னு கேளு, எல்லாம் தானா வரும்" என்பார். வெறும் வயிற்றில் விழுங்கிக் குமட்டியவர், பஸ்ஸைத் தவறவிட்டவர், மாமியாருக்குத் தெரியாமல் ஒளித்து வைத்தவர் என்று ஒவ்வொருவராக அந்தக் கேள்விக்குப் பின்னாலிருந்து வெளியே வருவார்கள். எங்கள் பாடப் புத்தகத்தில் இதற்கு நீளமான பெயர் உண்டு. அக்காவுக்கு அந்தப் பெயர் தெரியாது.

நான் களப்பயிற்சிக்கு வந்த ஆண்டில் தொண்டூர்ப் பக்கம் செல்வி என்ற பெண்ணுக்கு நான்காவது மாத மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. அவரிடமிருந்து மற்றவர்களுக்குத் தொற்றும் கட்டம் எப்போதோ கடந்துவிட்டது. ஆனால் இரண்டு வாரமாக மாத்திரை வாங்க வரவில்லை. அன்றைக்கு அக்கா வேறு ஊருக்குப் போயிருந்தார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஜீப்பில் கிளம்பினேன். செல்வி நடவில் இருந்தார். நான் வெள்ளைக் கோட்டும் மாஸ்க்குமாக வரப்பில் நின்று, சேற்றில் குனிந்திருந்த அத்தனை பெண்கள் முன்னாலும், "செல்வி யாரு? டிபி மாத்திரைய ஏன் நிறுத்தினீங்க? இது எல்லாருக்கும் பரவும், தெரியுமா?" என்று கத்தினேன். செல்வி நிமிரவே இல்லை. கையிலிருந்த நாற்றை நட்டு முடித்தார். நான் கடமையைச் செய்த திருப்தியோடு திரும்பினேன்.

மறுநாளே செல்வி பொதுக் குடத்தில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்றார்கள். நீல நிற பிளாஸ்டிக் குடம் ஒன்றைத் தனியாக அடுத்த வரப்பில் வைத்தார்கள். நடவுக்கு ஆள் சேர்க்கிற அம்மா, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பனமலைப் பக்கத்துக் காலனியிலிருந்து வந்தவள் நான். என் அம்மாவும் நடவுக்குப் போனவர்தான். அவருக்குக் குடத்தைத் தரமாட்டார்கள். தண்ணீரைக் கையில்தான் ஊற்றுவார்கள். அதைப் பார்த்து வளர்ந்த நான், இன்னொருத்திக்கு அதே வேலையைச் செய்துவிட்டு வந்திருந்தேன். செய்தி காதுக்கு வந்தபோது, "நான் என்ன தப்பா சொன்னேன்? இருக்கிறதத்தானே சொன்னேன்?" என்று அக்காவிடம் சண்டைக்குப் போனேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. "வண்டில ஏறு டாக்டரே. கோட்ட கழட்டி வச்சிட்டு வா" என்றார். சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் வயலுக்குப் போனோம். நான் வண்டியருகே நின்றுகொண்டேன். அக்கா நேராக அடுத்த வரப்புக்குப் போய், அந்த நீலக் குடத்தைச் சாய்த்து, மடமடவென்று குடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்தார். செல்வியின் தூக்குவாளியிலிருந்தே கேழ்வரகுக் கூழை ஊற்றச் சொல்லிக் குடித்தார். "உப்பு பத்தல செல்வி. யாருகிட்டனா ஊறுகா இருக்குதா?" என்றார். நோய் என்ற வார்த்தையை எடுக்கவே இல்லை. ரேஷன், நூறு நாள் வேலை, யாரோ ஒருவருடைய மருமகள் என்று அரை மணி நேரம் பேசினார். முதலில் ஒரு பெண் ஊறுகாயைக் கொண்டுவந்தார். பிறகு இன்னொருவர் வந்து உட்கார்ந்தார். அந்த வாரக் கடைசியில் செல்வி பழையபடி நடவு வரிசையில் இருந்தார். மாத்திரையும் ஆறு மாதம் முழுதாக முடித்தார்.

சில மாதம் கழித்து ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பித்தேன். கூட வேலை செய்த களப்பணியாளர் ஒருவரின் கடிதம் கட்டாயம் என்றிருந்தது. நம் பக்கம் இது எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நீயே எழுதிக் கொண்டு வா, நான் கையெழுத்துப் போடுகிறேன் என்பார்கள். பேராசிரியர்களே அப்படித்தான். நானும் எழுதினேன். என்னைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, சொல்லிக்கொள்ள ஒரு சம்பவமும் இல்லை என்று தெரிந்தது. அந்த வருடத்தில் நான் கண்ணால் பார்த்த ஒரே பெரிய காரியம் அந்த நீலக் குடம்தான். அதில் ஆளை மாற்றிப் போட்டேன். ஜரீனா அக்காவே சொல்வதுபோல், நோயாளிகளைப் பார்த்து நாலு பேர் முன்னால் கத்துவது என் வழக்கம், தொண்டூரில் ஒரு பெண்ணை அப்படித்தான் அவமானப்படுத்தினேன், இந்த இளம் மருத்துவர்தான் போய் அவள் குடத்தில் நீர் அருந்தி எனக்குக் கண் திறந்தார் என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். வெளிநாட்டுக்காரர்களுக்குப் பிடிக்கும் என்று பிளாஸ்டிக்கை மண்பானை ஆக்கினேன்.

அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. "படிச்சிக் காட்டு" என்றார். தமிழில் சொல்லிக்கொண்டே வந்து, அந்தப் பத்தி வந்ததும், "இங்க நான் கிராமத்துல நல்லா வேலை செஞ்சேன்னு போட்டிருக்கேன்க்கா" என்றேன்.

"இம்மாம் பெரிய பத்திக்கு அவ்ளோதானா?"

"இங்கிலீஷ்ல அப்படித்தான்க்கா நீளும்."

சிரித்தார். பேனாவை வாங்கி, அட்டையை மடியில் வைத்து, தமிழில் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினார். "நல்லா வந்திருக்குதா? ஃபாரின்காரன் பாக்கப் போறான்" என்று கேட்டார். நேர்காணலில் அந்த மண்பானையைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். சொல்லும்போது என் கண் கலங்கியது. அது நடிப்பில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்குப் புரியாதது.

திருட்டோடு நின்றேனா என்றால் அதுவும் இல்லை. எனக்குப் பின்னால் விண்ணப்பித்த மாணவர்கள் மாதிரிக்கு ஒரு கடிதம் கேட்டார்கள். பெருமையாக இதையே அனுப்பி வைத்தேன். கார்த்திகா அதை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போய், இந்த மாதிரி ஒன்று வேண்டும் என்று, முழுவதையும் தமிழில் படித்துக் காட்டியிருக்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது, அவர்மேல் தப்பில்லை. "ஜரீனா அக்கா சிரிச்சாங்க மேடம். நல்லாத்தான் எழுதியிருக்குது, ஆனா இனிமே நான் சொல்றேன், நீங்க எழுதுங்கன்னுட்டாங்க" என்று எனக்குப் போனில் சொன்னார். அந்தக் கெடுபிடி பிறந்த நாள் அதுதான்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் ஊருக்கு வந்தபோது நாலு நாள் தள்ளிப் போட்டுவிட்டுத்தான் மையத்துக்குப் போனேன். அக்கா டீ வாங்கிக் கொடுத்தார். குளிர் எப்படி, அங்கே சோறு கிடைக்குமா என்று கேட்டார். நானாகத்தான் ஆரம்பித்தேன். "அக்கா, அந்த லெட்டர்..."

"அது பிளாஸ்டிக் கொடம், டாக்டரே. மண்பானைன்னு எழுதிட்ட" என்றார் அக்கா.

அவ்வளவுதான். கோபம் இல்லை. கணக்கில் விட்டுப்போன எண்ணைத் திருத்துகிற மாதிரி சொன்னார். மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் வாசலில் ஒருவர் இருமிக்கொண்டு வந்து நின்றார். அக்கா எழுந்து போய், "வா நைனா, நேத்து இன்னா சாப்ட?" என்று ஆரம்பித்துவிட்டார். எனக்கு அப்போது வந்தது நிம்மதி. அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். அதற்குப் பிறகு எத்தனையோ முறை பார்த்தோம். எல்லா முறையும் அடுத்த முறை என்றே வைத்திருந்தேன். அன்வர் போன் செய்த நாள் வரைக்கும்.

நினைவுக் கூட்டம் முடிந்த மறுநாள் தொண்டூருக்குப் போனேன். அக்காவிடம் கேட்க முடியாத மன்னிப்பைச் செல்வியிடமாவது கேட்கலாம் என்று. செல்வி நன்றாக இருக்கிறார். மகள் கல்லூரிக்குப் போகிறாள். வரப்பில் நின்று கத்திய டாக்டர் நான்தான் என்றேன். உற்றுப் பார்த்தார். "எனக்கு மூஞ்சியே ஞாபகம் இல்லம்மா. மாஸ்க் போட்டிருந்தாங்க" என்றார். அந்தக் கடிதத்தை முழுவதும், இந்த முறை ஒரு வரி விடாமல், தமிழில் படித்துக் காட்டினேன். தவறை அக்கா தலையில் போட்ட இடத்தையும் படித்தேன்.

செல்வி பதறவில்லை. "இதுல இன்னா இருக்குது? ஜரீனாக்காதான் அப்பவே சொல்லிட்டாங்களே" என்றார். "கூழு குடிச்ச அன்னிக்கி, அந்த டாக்டரு யாருக்கான்னு நான் கேட்டேன். அடிக்கப் போலாம்னு அவ்ளோ ஆத்திரம் எனக்கு. 'புதுப் பொண்ணு செல்வி. எப்டிப் பேசணும்னு நான் சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கணும். தப்பு என்னுது, என்னத் திட்டு'ன்னாங்க. நானும் திட்டுனேன். கேட்டுக்கினு உக்காந்திருந்தாங்க."

ஜீப் டிரைவர் ஹாரன் அடிக்கும் வரை நான் அங்கேயே இருந்தேன். நான் பொய்யாக அவர் தலையில் ஏற்றிய பழியை, அவர் பல மாதங்களுக்கு முன்பே, எனக்குத் தெரியாமல், தானாக ஏற்றுக்கொண்டிருந்தார். எனக்காக ஏற்றார். நான் அதையே அவருக்கு எதிராக எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கினேன்.

தேர்வுக் குழுவிலிருந்து விலகிவிட்டேன். மதிப்பெண் குறைத்த அந்த மாணவியின் விண்ணப்பத்தை வேறு ஒருவர் பார்க்க வேண்டும் என்றும், என் கடிதம் பொய் என்றும் எழுதி அனுப்பியிருக்கிறேன். என்ன செய்வார்களோ, செய்யட்டும். மாதிரிக் கடிதம் யாரிடமாவது இன்னும் இருந்தால், தயவு செய்து அழித்துவிடுங்கள்.

அக்காவின் நினைவாக வீட்டார் எதையாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் கையால் எழுதியது ஏதாவது இருந்தால் தாருங்கள் என்று கேட்டேன். அன்வர் தேடிப் பார்த்துவிட்டு, "அம்மா எங்க எழுதனாங்க டாக்டர்? எல்லாத்தையும் வாயாலதான் சொல்லுவாங்க" என்றார். ஆகவே அவர் கையெழுத்து என்று என்னிடம் இருப்பது ஒன்றுதான். அட்டையை மடியில் வைத்து, ஃபாரின்காரன் பார்ப்பான் என்று அழுத்தி அழுத்தி எழுதியது. நன்றாகத்தான் வந்திருக்கிறது. என் பொய்க்குக் கீழே இருக்கிறது.