வாணலியைப் பார்த்துக் கத்தியவன்

சவூதியின் ஜுபைல் நகரில், ஆலையொன்றில் நான் பாதுகாப்பு அதிகாரி. சைரன் கேட்டால் யோசிக்காமல் ஓடு என்று ஊருக்கே பாடம் எடுப்பவன். இங்கிலாந்துக்குப் படிக்கப் போன மகள், முதல் மாதமே விடுதிச் சமையலறையிலிருந்து வீடியோவில் அழைத்து ரசம் தாளிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். மிளகாயைப் போடச் சொன்னேன். புகை கிளம்பியது. விடுதியின் தீ எச்சரிக்கை சைரன் அலறியது.

"ஓடும்மா!"

"அப்பா, ஜஸ்ட் மிளகாய்ப் புகைப்பா!"

"கேஸ் லீக்கா இருந்தா? யல்லா, ஓடு!"

போனை மேடையிலேயே விட்டுவிட்டு ஓடினாள். திரையில் அணைக்காத அடுப்பும், கருகும் வாணலியும், நானும்தான் மிச்சம். யாரைக் கூப்பிடுவதென்று புரியாமல், "அணைஞ்சு தொலை!" என்று வாணலியிடம் கத்தினேன். நல்லவேளை, பக்கத்து அறைப் பெண் வந்து அடுப்பை அணைத்தாள்.

"ஆபீசர் சார், அடுப்பை அணைக்கச் சொல்லத் தோணலையா?" என்றாள் என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி.

இப்போதெல்லாம் வீடியோவில் சைரன் கேட்டால், முதலில் மகள் சொல்வதைக் கேட்கிறேன்.