மிட்டாய் என்னைக் கடித்த நாள்

எங்கள் நாய் மிட்டாய்க்கு உருவம் சின்னது, முடி குட்டை, நிறம் கறுப்பு. ஞாயிறுதோறும் ஷாம்பு தேய்த்து, தண்ணீர் ஊற்றி, துண்டால் துடைத்துவிட்டால் என் வேலை முடிந்தது.

போன மாதம் இரண்டு நாளாக லேசாக நொண்டியது. படியில் குதித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். ஞாயிறன்று குளிப்பாட்டும்போது பின்னங்காலில் கை பட்டதும் வீலென்று கத்தி என்னைக் கடித்துவிட்டது. ஒருநாளும் கடிக்காத நாய். பாதம் எலுமிச்சம்பழம் போல வீங்கி, சில்லென்று இருந்தது.

“முள்ளு குத்தியிருக்கும். மஞ்சப்பத்துப் போட்டா நாளைக்குச் சரியாப் போயிரும்” என்றார் கணவர். எனக்கு மனசு கேட்கவில்லை. துண்டில் சுற்றி ஆட்டோவில் ஏறினேன். கே.கே. நகர் நாய் டாக்டரிடம் போய்ச் சேரும்வரை அது மடியில் நடுங்கிக்கொண்டே இருந்தது.

டாக்டர் அதன் வாயைக் கட்டிவிட்டு, கணுக்கால் முடியைச் சிரைத்தார். வீங்கிய சதைக்குள் ஒரு கறுப்புக் கயிறு புதைந்திருந்தது. கத்தரி நுனியை விட்டு அவர் அதை வெட்டும்வரை நான் மிட்டாயின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“இன்னும் லேட்டாயிருந்தா பாதத்தையே எடுக்க வேண்டி வந்திருக்கும்க்கா. யாரு இதைக் கட்டுனது?”

நான்தான். குட்டியாக வந்தபோது கண் படக்கூடாதென்று, என் காலில் கட்டியது போக மிச்சமிருந்த கயிற்றை அதற்கும் கட்டினேன். கறுப்பு முடியில் கறுப்புக் கயிறு தெரியவில்லை; நானும் மறந்தே போனேன். என் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன்.

இப்போது தண்ணீர் ஊற்றுமுன் கழுத்து, கால், வால் எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்க்கிறேன். திருஷ்டிக்கு உப்பு மிளகாய் சுற்றிப் போடுவதோடு சரி. பின்னங்காலைத் தொடும்போது மட்டும் மிட்டாய் இன்னும் என் முகத்தையே பார்க்கிறது.